அட்வான்ஸ் யார் கொடுப்பது?

சென்ற மாதம் இந்தப் பகுதியில் மதுரை சிம்மக்கல் நடைபாதையில் படுக்கிறவர்களைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கோயில் கமிட்டி, சர்ச், ஜமாஅத் என்று ஏதாவது ஒன்றில் பொறுப்பில் இருப்பவர்கள் எழுதியவை. அதனால் இந்த மாதம் முழுக்க அதே பேச்சுதான். மாமியார் மருமகள் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும். அந்தச் சண்டை எங்கேயும் போய்விடாது.

அக்கா, எங்கள் சபையில் நாலு வருஷமாக ஞாயிறு மதியம் அறுபது பொட்டலம் கட்டி ரயில் நிலையம் பக்கம் கொடுக்கிறோம். அதே முகங்கள்தான் வருகின்றன. போன மாதம் ஒருவர், "சோறு எங்கயாவது கிடைச்சுரும் சார், ஒரு ரூம் பிடிச்சுத் தர முடியுமா?" என்று கேட்டுவிட்டார். கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. சின்னதாக ஒரு காப்பகம் கட்டலாமா?
— சபைப் பொருளாளர், வில்லாபுரம்

கட்ட வேண்டாம். ஒன்றரை லட்சத்தில் அஸ்திவாரம் தாண்டாது. தாண்டினாலும் கரண்ட் பில், வாட்ச்மேன், கக்கூஸ் அடைப்பு என்று சபையே அதில் மூழ்கிப்போகும். லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னது. 2013-இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் அதற்கென்று தனிப் பிரிவே வைத்தார்கள். அது அரசாங்கத்திடம் கேட்டு வாங்க வேண்டியது. உங்கள் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

அந்த மனிதர் சொன்னதைக் கவனியுங்கள். மதுரையில் சோறு கிடைத்துவிடும். கோயில் அன்னதானம் இருக்கிறது, அம்மா உணவகம் இருக்கிறது, உங்களைப் போன்றவர்களின் பொட்டலம் இருக்கிறது. அவர் என்ன வேலை செய்கிறார் என்று யாராவது கேட்டீர்களா? இருபத்தெட்டு வருஷம் சமுதாய அமைப்பாளராக இந்த ஊர்த் தெருக்களில் அலைந்தவள் நான். பிளாட்பாரத்தில் படுப்பவர்களில் வேலை இல்லாதவர்களைவிட வேலை இருப்பவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். கீழமாசி வீதியில் மூட்டை தூக்குவார்கள், டீக்கடையில் கிளாஸ் கழுவுவார்கள், கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுவார்கள்.

பந்தி பரிமாறும் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். மேலூர்ப் பக்கத்துக்காரர், ஐம்பது தாண்டியவர். வெள்ளை வேட்டியைப் பிளாஸ்டிக் பையில் மடித்து, தலைக்கு வைத்துப் படுப்பார். முகூர்த்த நாளில் அறுநூறு எழுநூறு கையில் வரும். மாதம் இரண்டாயிரத்து ஐநூறு வாடகை அவரால் கொடுக்க முடியும். அட்வான்ஸ் இருபத்தைந்தாயிரத்தை மட்டும் அவரால் ஒரு நாளும் சேர்க்க முடிந்ததில்லை. தலைமாட்டில் பணம் வைத்து எத்தனை நாள் தூங்குவது? இரண்டு முறை பறிகொடுத்தார்.

தெற்குவாசல் பக்கம், ஒரே வாசலுக்குள் பல குடித்தனங்கள் இருக்கும் ஒரு வளவு வீட்டில் அவருக்கு ரூம் கேட்கப் போனோம். வீட்டுக்கார அம்மா அவரிடம் ஒன்றுமே கேட்கவில்லை. என்னைப் பார்த்துத்தான், "இவரு யாரு, யாருக்குத் தெரிஞ்சவரு?" என்றார். நான் பக்கத்து சர்ச் ஐயர் பெயரைச் சொல்லி, அவருக்குத் தெரிந்தவர், வேண்டுமானால் போனில் பேசுங்கள் என்றேன். பேசினார். உள்ளே போய்ச் சாவியோடு வந்தார். அட்வான்ஸ் பற்றிய பேச்சே அதற்குப் பிறகுதான். நம்மவர் சாவியை வாங்கி அங்கேயே அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். பூட்டைத் திறக்க வேண்டும், அவிழ்த்துக் கொடுங்கள் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஆக, உங்கள் சபையிடம் பணத்தைவிடப் பெரிதாக இருப்பது அதன் பெயர். 'எங்களுக்குத் தெரிந்தவர்' என்று சொல்ல ஆள் இல்லாதவன்தான் வீடில்லாதவன். உங்கள் ஒன்றரை லட்சம் ஆறு அட்வான்ஸ். காலி செய்தால் திரும்ப வரும், அடுத்தவருக்கு ஆகும். வாடகை ஒப்பந்தம் அவர் பெயரிலேயே இருக்கட்டும், நாளைக்கு முகவரி என்று காட்ட அது ஒன்றுதான் அவரிடம் இருக்கும். அட்வான்ஸ் சபை கொடுத்தது, சபைக்கே திரும்ப வேண்டும் என்று தனியாக ஒரு தாளில் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று. வருஷம் முழுக்க வாடகை கொடுத்துப் பழக்காதீர்கள். பந்தி வேலைக்காரருக்கு இடிக்கும் மாதங்கள் ஆடி, புரட்டாசி, மார்கழி. முகூர்த்தம் இல்லை, வேலை இல்லை. வளவு வீட்டை விட்டு மறுபடி தெருவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஆடி முடிவில்தான் வருகிறார்கள். அந்த மூன்று மாத வாடகையை மட்டும் சபை பார்த்துக்கொண்டால் மற்ற ஒன்பது மாதத்தை அவரே சமாளிப்பார். மூட்டை தூக்குபவருக்குக் கணக்கு வேறு. அவரவரிடம் கேளுங்கள்.

எங்கள் மஹல்லாவின் பொது நிதியான பைத்துல்மாலில் இருந்து இப்படி வீட்டு அட்வான்ஸ் கொடுக்க ஜகாத் பணத்தை எடுக்கலாமா? சிலர், மொத்தமாக ஒரு தொகை கொடுத்து ஒத்திக்கு எடுத்துக் கொடுத்தால் வாடகையே வேண்டாமே என்கிறார்கள்.
— ஜமாஅத் உறுப்பினர், காஜிமார் தெரு அருகில்

மார்க்கத் தீர்ப்பு சொல்ல நான் யார்? உங்கள் ஹஜ்ரத்தைக் கேளுங்கள். இதே கேள்வியை ஒரு முறை நான் ஒரு ஹஜ்ரத்திடம் கேட்டபோது அவர் சொன்னதை மட்டும் சொல்கிறேன். ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் ஏழை, கடனாளி, வழிப்போக்கர் எல்லோரும் வருகிறார்கள். ஆனால் ஜகாத்தை வாங்குபவருக்கே சொந்தமாகக் கொடுத்துவிட வேண்டும். அட்வான்ஸ் திரும்பி ஜமாஅத்துக்கு வரும் என்றால் அது ஜகாத் ஆகாது. அதனால் அவர்கள் இப்படிப் பிரித்துக்கொண்டார்கள்: பாய், பாத்திரம், முதல் மாத வாடகை ஜகாத்தில், அட்வான்ஸ் மட்டும் மற்ற நன்கொடையிலிருந்து அழகிய கடனாக, வட்டியில்லாமல்.

ஒத்தி பேச்சை எடுத்ததும் அவர் தலையாட்டிவிட்டார். கொடுத்த பணத்துக்குப் பதில் வீட்டில் சும்மா இருப்பது வட்டிதான் என்றார். அந்தச் சிக்கல் இல்லாத மற்றவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. ஒத்திக்கு எடுப்பதானால் வில்லங்கம் போட்டுப் பாருங்கள், வங்கிக் கடன் இருக்கிறதா என்று விசாரியுங்கள், பதிவு செய்யுங்கள். ஒரே வீட்டை இரண்டு பேருக்கு ஒத்திக்கு விட்ட புண்ணியவானிடம் இரண்டு லட்சத்தைக் கோட்டை விட்ட ஒரு அறக்கட்டளையில் நானும் இருந்தேன். அந்த லட்சங்கள் இன்று வரை வரவில்லை.

கோயில்களுக்குத்தான் இவ்வளவு நிலம் இருக்கிறதே, அதில் வீடு கட்டிக் கொடுத்தால் என்ன?
— வாசகர், சோழவந்தான்

கேட்க நன்றாக இருக்கிறது. சட்டப்படி கோயில் நிலம் தெய்வத்தின் சொத்து. 1959-ஆம் வருஷத்து அறநிலையத் துறைச் சட்டத்தில் 34-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. விற்பதானாலும், ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடுவதானாலும், அது கோயிலுக்கு நன்மை என்று ஆணையர் ஒப்ப வேண்டும். கலிபோர்னியாவில் 2023-இல், மத நிறுவனங்கள் தங்கள் நிலத்தில் ஏழைகளுக்கு வீடு கட்டுவதைச் சுலபமாக்கி ஒரு சட்டமே போட்டார்கள். இங்கே அப்படி வரும்வரை நிலத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடாமல் உண்டியலுக்கு வெளியே உள்ள பக்தர்களைப் பாருங்கள். உங்கள் ஊர்க் கோயில் கமிட்டியில் எத்தனை பேருக்கு வாடகை வீடு இருக்கிறது? அதில் ஒரு ரூம் காலியாக இருக்கிறதா? ராணி மங்கம்மாள் சத்திரம் கட்டிய ஊர்ப்பக்கம்தானே நாம்.

என் மகள் அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருக்கிறாள். அங்கே சர்ச்சுகளே வீடில்லாத குடும்பங்களைத் தங்க வைக்கிறார்களாம், அவளும் போய்ச் சமைத்துக் கொடுத்தாளாம். இங்கே முடியாதா?
— ஓய்வு பெற்ற ஆசிரியை, திருநகர்

அது அங்கேயே பிறந்த ஏற்பாடு. கேரன் ஓல்சன் என்ற பெண்மணி நியூயார்க் ரயில் நிலையத்தருகே தெருவில் வாழ்ந்த ஒரு மூதாட்டிக்கு சாண்ட்விச் வாங்கிக் கொடுத்ததில் ஆரம்பித்து, 1986-இல் நியூஜெர்சியில் அமைப்பாகத் தொடங்கினார். இப்போது அதன் பெயர் ஃபேமிலி பிராமிஸ். ஊரில் உள்ள சர்ச்சுகளும் யூதக் கோயில்களும் முறை வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு வாரம் சில குடும்பங்களைத் தங்கள் கட்டடத்திலேயே இரவு தங்க வைக்கும். பகலில் வேலை தேட, வீடு தேட உதவ ஒரு தனி இடம் இருக்கும்.

வாரத்துக்கு ஒரு இடம் மாறுவது நம் பிள்ளைகளுக்குச் சரிப்படுமா என்று எனக்குச் சந்தேகம். நம்மிடம் தேடாமலே கிடைப்பது வேறு. ஆடி மாதம் காலியாகக் கிடக்கும் சமூகக் கல்யாண மண்டபங்கள், சர்ச் ஹால்கள். மழை வெள்ளத்தின்போது திறக்கிறோமே! உங்கள் மகளிடம் ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்: சமைத்தவர்கள் அந்தக் குடும்பங்களோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்களா? எனக்கு அதைத் தெரிந்துகொள்ள ஆசை.

உதவி என்ற சாக்கில் மதம் மாற்றுகிறார்கள். நீங்கள் ஏன் அதைப் பற்றி எழுதுவதில்லை?
— அலங்காநல்லூர்

எழுதிவிட்டால் போயிற்று. ஒரு காப்பகத்தில் சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம் ஜெபம். எந்த இடம் என்று சொல்ல மாட்டேன். நெற்றி நிறைய விபூதி பூசிய ஒரு தாத்தா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். பசி இருந்தது, எழுந்து போக முடியவில்லை. அதைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது. நான் பைபிள் வாசிக்கிற குடும்பத்தில் பிறந்தவள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதேபோல், எங்கள் ஜாதிக்காரருக்கு மட்டும் ரூம் என்று சொன்ன மடத்தையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் எனக்கு ஒன்றுதான். சாவியைக் கொடுக்கும் கையில் துண்டுப் பிரசுரம் இருக்கக் கூடாது, ஜாதி கேட்கும் வாயும் கூடவே வரக் கூடாது.

ஆதார் இல்லை, ரேஷன் கார்டு இல்லை. வீட்டுக்காரர்கள் கதவையே திறப்பதில்லையே?
— இளைஞர் மன்றம், செல்லூர்

முதலில் வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 6 கொடுங்கள். வீடில்லாதவரிடம் முகவரிச் சான்று கேட்கக் கூடாது. அவர் படுக்கிற இடத்தை எழுதிக் கொடுத்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து, அதுவும் ஒரு முறைக்கு மேல் வந்து, அவர் அங்கேதான் படுக்கிறாரா என்று பார்க்க வேண்டும். இது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. ஆதாருக்கு, கவுன்சிலர் அல்லது எம்.எல்.ஏ. ஆதார் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம், அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளரும் கொடுக்கலாம். உங்கள் மன்றம் கொடுக்க முடியாது, ஆனால் கவுன்சிலர் வீட்டு வாசலில் நாலு பேராகப் போய் நிற்க முடியும். அறுபது தாண்டியவர் என்றால் இது முடிந்த கையோடு முதியோர் உதவித்தொகைக்கு மனு. 2023-இல் அதை 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். பாதி வாடகை அதில் போகும்.

எங்கள் தெரு அம்மன் கோயில் வாசலில் ஒரு பெண் ஒரு வருஷமாக இருக்கிறாள். தானாகப் பேசுகிறாள். சிலர் ஏதாவது தர்காவிலோ ஜெப வீட்டிலோ கொண்டுபோய் விடலாம் என்கிறார்கள்.
— அழகர்கோயில் சாலை

தர்காவுக்குப் போய் மனம் அமைதியானவர்கள் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் விட்டுவிட்டு வருவது வேறு. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை ஏர்வாடியில் தர்காவை நம்பி நடந்த ஒரு தனியார் விடுதியில் தீப்பிடித்தபோது 28 பேர் செத்துப்போனார்கள். காலில் சங்கிலி, ஓட முடியவில்லை. 2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது.

அதே சட்டத்தின் 100-ஆவது பிரிவைக் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். இப்படித் திரிகிறவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டியது போலீஸின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடில்லாதவருக்கு மனநல சிகிச்சை இலவசம், அதுவும் அதே சட்டத்தில் இருக்கிறது. கோயிலில் அவளுக்குச் சோறு வைக்கிற அம்மா யாரோ, அவரையும் கூட அனுப்புங்கள். தெரிந்த முகம் இருந்தால் வண்டியில் ஏறுவாள்.

சிகிச்சை முடிந்து எங்கே போவாள் என்பதுதான் பெரிய கேள்வி. சென்னையில் 1993-இல் தொடங்கிய தி பான்யன் அமைப்பு 2015 முதல் ஒரு வழி செய்கிறது. சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீடு, அதில் குணமான நாலைந்து பெண்கள், துணைக்கு ஒரு ஆள். அப்படி ஒரு வீட்டின் வாடகையை ஒரு கோயில் கமிட்டி ஏற்றுக்கொள்ளலாம். ஒரு திருவிழாவில் ஒரு நாள் வாணவேடிக்கைச் செலவு போதும்.

எங்கள் பஜனை மடத்தில் சேர்ந்து ஒரு பெரியவருக்கு ரூம் பிடித்து, கட்டில், ஃபேன், பாத்திரம் எல்லாம் வாங்கிக் கொடுத்தோம். மூன்றே மாதம். பழையபடி பிளாட்பாரத்தில் படுத்துக் கிடக்கிறார். இவர்களுக்கெல்லாம் செய்து என்ன பயன்?
— பெயர் வேண்டாம், அனுப்பானடி

கோபம் நியாயம்தான். எனக்கும் ஒரு முறை அப்படித்தான் வந்தது. ஆரப்பாளையம் பக்கம் ஒருவருக்கு ரூம் கிடைத்து இரண்டு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். ரூமைப் பூட்டிவிட்டு வாசல்படியில் துண்டு விரித்துப் படுத்திருந்தார். திறக்கச் சொல்லிப் பார்த்தால் கட்டிலைச் சுற்றிய பாலித்தீன் உறைகூடப் பிரிக்கவில்லை. பக்கெட்டில் கடை ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது. "ஏன்யா?" என்றேன். "உள்ள சத்தமே இல்லம்மா, காது அடைக்குது" என்றார்.

பிளாட்பாரத்தில் அவருக்கு நாலு மணிக்கு இட்லிக்கார அம்மா வருவார், பால் வண்டி வரும், பக்கத்தில் படுப்பவர் இருமுவார். கக்கூஸுக்குப் போனால் பையைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு, காய்ச்சல் என்றால் டீ வாங்கி வர ஆள் உண்டு. ரூமில் இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்திருக்கிறார், யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் கட்டில் கொடுத்தோம், போட்டோ எடுத்தோம், வந்துவிட்டோம்.

கத்தோலிக்கப் பங்குகளில் வின்சென்ட் தே பால் சபை என்று ஒன்று இருக்கிறது. 1833-இல் பாரிஸில் கல்லூரிப் பையன்கள் சிலர் தொடங்கியது. அவர்களின் முதல் வேலையே ஏழை வீட்டுக்கு நேரில் போவது. இரண்டு பேராகப் போவார்கள், உட்கார்ந்து பேசுவார்கள். அந்தப் பழக்கத்தைக் கடன் வாங்குங்கள். பஜனை முடிந்து போகிற வழிதானே? குடித்திருக்கிறாரா என்று மோந்து பார்க்கப் போகாதீர்கள். அவர் டீ வாங்கித் தந்தால் காசு எடுக்காமல் குடியுங்கள்.

உங்கள் பெரியவரிடம் இன்னொரு முறை போங்கள். அவர் படுக்கிற இடத்துக்கும் நீங்கள் பிடித்த ரூமுக்கும் எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். பழைய டீக்கடைக்கு நடந்து போகிற தூரத்தில் சின்னதாகக் கிடைத்தாலும் அது மேல். முடிந்தால் அவருக்குப் பழக்கமான இன்னொருவரையும் சேர்த்து ஒரே ரூமில் வையுங்கள். எங்கள் ஆரப்பாளையத்துக்காரர் அப்படித்தான் நிலைத்தார். இருமுகிற ஆளையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

இவ்வளவு எழுதுகிறீர்களே, உங்கள் வீட்டு மாடியை இவர்களுக்கு விடுவீர்களா?
— ஒரு வாசகி, எல்லீஸ் நகர்

எங்கள் பேட்டையிலிருந்தே கேள்வி வந்துவிட்டது. என் மாடி பற்றித் தெரிந்துதான் கேட்கிறீர்கள் போல.

முதல் முறை மறுத்தேன். 2014-ஆக இருக்கும். பெரியாஸ்பத்திரி வாசலில் இருந்த ஒரு அம்மாவையும் மகளையும் எங்கள் சபைப் பெண்கள் கூட்டி வந்தார்கள். மாடி காலியாக இருந்தது. பெயிண்ட் அடிக்கப் போகிறோம் என்று பொய் சொன்னேன். மற்ற வீட்டுக்காரர்களிடம் போய் நின்று வாதாடுகிற அதே வாயால் சொன்னேன். அவர்கள் படியிறங்கிப் போனபோது அந்த மகள் கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டே போனாள். நிஜமாகவே அப்போதுதான் பெயிண்ட் அடித்து முடித்திருந்தோம்.

இப்போது மாடியில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் பூக்கட்டுகிறார், இன்னொருவர் ஹாஸ்டல் சமையல். ஆறு வருஷமாகிறது. அட்வான்ஸ் அவர்களின் சபையும் பக்கத்துப் பிள்ளையார் கோயில் மகளிர் குழுவும் பாதிப் பாதி போட்டது. வாடகை ஐந்தாம் தேதிக்குள் வந்துவிடுகிறது. தண்ணீர் மோட்டாரை யார் எப்போது போடுவது என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் தீர்வு வரவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மேலே தொட்டி நிரம்பி வழிகிறது, நான் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வருகிறேன்.